முப்பத்தொன்றாம் பாடம்

இளையவளுக்கு வலி வலது தோளில்தான் தொடங்கும். காலையில் முதல் வண்டியைத் தள்ளும்போது சின்னதாக ஒரு சுருக்கு. நாலாவது வண்டிக்குள் கழுத்துக்கு ஏறிவிடும். பத்தாவது வண்டியில் காதுக்குப் பின்னால் போய்க் குந்திக்கொண்டு, சாப்பாட்டு மணி அடிக்கிறவரை இறங்காது. அந்த நேரத்தில் தலை அரித்தால் இடது கையால்தான் சொறிய வேண்டும். ஈரத் துணிக்கு இருக்கிற கனம் அப்படி. காய்ந்தால் நாலாக மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போகக்கூடிய ஒரு விரிப்பு, நனைந்தால் செத்த ஆடு மாதிரி கனக்கும். அப்படி அறுபது சேர்ந்தது ஒரு வண்டி.

ஆஸ்பத்திரிகளிலிருந்தும் விடுதிகளிலிருந்தும் மூட்டை மூட்டையாக அழுக்கு வந்து இறங்கும் பெரிய சலவைக்கூடம் அது. உள்ளே இரண்டு பக்கம். துவைக்கிற எந்திரங்களும் வண்டி தள்ளுகிறவர்களும் இருக்கிற இடம் ஈரப் பக்கம். துணியைத் தேய்த்து வெளியே தள்ளும் நீளமான இரும்பு உருளைகள் இருக்கிற இடம் சூட்டுப் பக்கம். பேர் வைத்தது கம்பெனி இல்லை, வேலை செய்கிறவர்கள். ஈரப் பக்கத்தில் முதுகு போகும். சூட்டுப் பக்கத்தில் வேர்க்கும், அவ்வளவுதான். இரண்டு பேர் ஆளுக்கொரு முனையாகப் பிடித்து விரிப்பை உருளைக்குக் கொடுத்தால் போதும், மீதியை அது இழுத்துக்கொள்ளும். நிமிர்ந்து நின்று செய்கிற வேலை. பதினோரு வருஷமாக அக்கா அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டே வண்டி தள்ளினாள். அவள் கையைப் பிடித்து வேலைக்கு வந்த இளையவள் ஆறு வருஷமாக.

ஒரு திங்கட்கிழமை மேஸ்திரி ஒரு அட்டைப்பெட்டியோடு வந்து நின்றார். உள்ளே பன்னிரண்டு டேப், விரலால் தொட்டால் வேலை செய்கிற கண்ணாடிச் சிலேட்டு.

"எல்லாரும் கேளுங்க. இனிமே சூட்டுப் பக்கம் போகணும்னா படிச்சிட்டுத்தான் போகணும். இதுல நாப்பது பாடம் இருக்கு. கம்பெனி மொழியில பேசவும் சொல்லிக்குடுக்கும், மிஷின் வேலையும் சொல்லிக்குடுக்கும். மாசக் கடைசிக்குள்ள நாப்பதும் முடிச்சவங்களுக்கு அந்தப் பக்கம் இடம் உண்டு."

"முடிக்காதவங்களுக்கு?" என்று கேட்டான் நெட்டை. ஈரப் பக்கத்திலேயே உயரமானவன், ஆகவே எல்லாக் கேள்வியையும் அவன்தான் கேட்கவேண்டும் என்பது அங்கே எழுதாத சட்டம்.

"அவங்க ஒப்பந்தம் புதுப்பிக்கிறதப் பத்தி மேல பேசிக்குவாங்க."

மேல பேசிக்குவாங்க என்றால் என்ன அர்த்தம் என்று அங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

டேப்பில் இருந்தது ஒரு புத்தகம். புத்தகம் என்று மேஸ்திரி சொன்னார், பார்த்தால் சினிமா மாதிரி இருந்தது. பக்கத்துக்கு ஒரு படம். படத்தில் இருக்கிற ஆளின் வாயைத் தொட்டால் பேசுவான். எந்திரத்தைத் தொட்டால் அது ஓடும். கீழே ஒரு கேள்வி, நாலு பதில். பதில் தொட்டு முடித்தால், ஒரு வாக்கியத்தை அது சொல்லும், நாம் திருப்பிச் சொல்ல வேண்டும். நம் பேச்சைக் கேட்டுவிட்டு நூற்றுக்கு இத்தனை என்று மார்க் போடும். எண்பதைத் தாண்டினால் பக்கத்தின் ஓரத்தில் இருக்கிற இலை பச்சையாகும். மேலே ஒரு பொத்தான். அதைத் தொட்டால் எழுத்தெல்லாம் நம் மொழிக்கு மாறும். ஆனால் அது பத்தாம் பாடம் வரைக்கும்தான். பதினொன்றிலிருந்து அந்தப் பொத்தான் சாம்பல் நிறத்தில் செத்துக் கிடந்தது.

"நம்ம மொழி மிச்சத்துக்கும் வருமாம்," என்றார் மேஸ்திரி.

"எப்போ வருமாம்?"

"வரும்போது வரும். நீ மொதல்ல ஒண்ணாம் பாடத்தைத் தொடு."

அக்கா முதல் வாரம் உண்மையாகவே உட்கார்ந்தாள். சாப்பாட்டு நேரத்தில் தூக்கு வாளியைத் திறப்பதற்கு முன்னால் கையைத் துடைத்துக்கொண்டு டேப்பை மடியில் வைத்துக்கொள்வாள். அது ஒரு வாக்கியம் சொல்லும். அவளும் சொல்வாள். பதினோரு வருஷம் எந்திரச் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தி, ஆவியை விழுங்கி விழுங்கி, அவள் குரல் தகரத்தில் ஆணி இழுக்கிற மாதிரி ஆகியிருந்தது. டேப் இருபத்து மூன்று என்று காட்டும்.

"நீ சொன்னதைத்தானே நானும் சொன்னேன்," என்பாள் அக்கா அதைப் பார்த்து. "உனக்கு என்னதான் வேணும், பாடிக் காட்டணுமா?"

மறுபடி சொல்வாள். பத்தொன்பது.

"கொறச்சிட்டா பாரு. எதுத்துப் பேசினதுக்கு நாலு மார்க் போச்சு."

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். சிரித்தவர்களுக்கும் முப்பதைத் தாண்டவில்லை. இளையவள் வாங்கிச் சொல்லிப் பார்த்தாள். தொண்ணூற்று ஒன்று. அடுத்தது தொண்ணூற்று நாலு. இளையவளுக்குத் தொண்டை சன்னம். எந்தச் சத்தத்தையும் கேட்ட மாத்திரத்தில் அப்படியே திருப்பிப் போடுவாள். சின்ன வயதில் பக்கத்து வீட்டு ஆட்களின் சண்டையைக் குரல் மாற்றி நடித்துக் காட்டி அடி வாங்கியவள். சொல்வதன் அர்த்தம் தெரியாது. டேப் அர்த்தம் கேட்கவில்லை.

"டீச்சரம்மா வந்துட்டாங்க," என்றான் நெட்டை. அன்றிலிருந்து அதுவே பேராகிவிட்டது.

கேள்விகளுக்கும் ஒரு வழி கண்டுபிடித்தாள். மூன்று தடவை தப்பான பதிலைத் தொட்டால் புத்தகமே பரிதாபப்பட்டுச் சரியான பதிலைக் காட்டிவிடும். அதைத் தொட்டால் மேலே போகலாம். படம் ஓடத் தொடங்கினால் விரலால் ஒரு தள்ளு, ஓடாமல் தாண்டிவிடும். இப்படிச் செய்தால் ஒரு பாடம் நாலு நிமிஷத்தில் முடியும்.

முதலில் நெட்டை வந்தான். "டீச்சரம்மா, என் டேப்பையும் கொஞ்சம் பச்சையாக்குங்க. உங்க வண்டி ஒண்ணை நான் தள்றேன்."

அப்படித்தான் அந்த வழக்கம் வந்தது. ஒரு பாடத்துக்கு ஒரு வண்டி. யாரும் உட்கார்ந்து பேசி முடிவுசெய்யவில்லை. இரண்டு நாளில் எட்டுப் பேர் சேர்ந்துவிட்டார்கள். கொதிகலன் அறைக்குப் பின்னால் அழுக்கு மூட்டை மேல் உட்கார்ந்துகொண்டு இளையவள் பாடம் முடிப்பாள். அவளுடைய வண்டிகள் வேறு கைகளில் உருண்டுகொண்டிருக்கும். இரண்டாவது வாரத்தில் ஒருநாள் தலை வாரும்போதுதான் கவனித்தாள், வலது கை தானாக மேலே போயிருக்கிறது. தோள் வலி இல்லை.

அக்காவிடம் வண்டி வாங்க அவளுக்கு மனசில்லை. "உனக்குச் சும்மா செய்றேன்க்கா," என்றாள்.

"ஏன், நான் என்ன தர்மத்துக்கு வந்தவளா? எல்லாரும் தள்றாங்க, நானும் தள்றேன். நாளைக்கு எவனும் ஒரு பேச்சுப் பேசக்கூடாது."

அக்கா தள்ளினாள். முதல் இரண்டு பாடத்தில் சொல்ல வேண்டியது ஒற்றை வார்த்தைதான், அதை அவளே முக்கித்தக்கி முடித்திருந்தாள். மீதி முப்பத்தெட்டுக்கும் முப்பத்தெட்டு வண்டி, தன்னுடையது போக.

மேஸ்திரிக்குத் தெரியும். ஒருநாள் கொதிகலனுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். மடியில் ஒரு டேப்பும் பக்கத்தில் ஏழு டேப்பும் அடுக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவளைப் பார்த்துவிட்டு, பார்க்காதது மாதிரி கூரையைப் பார்த்துப் பேசினார்.

"யார் படிச்சா என்ன. இலை பச்சையாகணும். வெள்ளிக்கிழமை மேல இருந்து எண்ணிக்கை கேப்பாங்க."

வெள்ளிக்கிழமை எண்ணிக்கை சரியாக இருந்தது. அடுத்த திங்கட்கிழமை ஒன்பது பேரும் சூட்டுப் பக்கம்.

அக்கா முதல்நாள் வேலை முடிந்து வெளியே வரும்போது சாலையோரம் நின்று இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "நாலு மணிக்கு மேல மனுஷியா நிமிந்து நடக்கிறேன்டி. எத்தனை வருஷமாச்சு தெரியுமா?" வீட்டுக்குப் போனதும் மகளைக் கூப்பிட்டுச் சுவரோரம் நிறுத்தித் தானும் நின்று யார் உயரம் என்று பார்த்தாள். மகளுக்குப் பதின்மூன்று வயது. "அம்மா, நீ வளந்துட்ட," என்றது அது. வீட்டில் ஆம்பிளை கிடையாது. அக்காவின் புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டார். இளையவளின் புருஷன் இருக்கிறானா இல்லையா என்பது அவனுக்கே தெரியாது. மூன்று பொம்பளைகளும் அன்றைக்குச் சிரித்துக்கொண்டே சாப்பிட்டார்கள்.

ஒன்பதாவது நாள் காலை பத்தரை மணி. அக்காவும் இளையவளும் பக்கத்துப் பக்கத்து உருளைகளில் நின்றார்கள். அக்காவின் உருளையில் ஒரு விரிப்பு முறுக்கிக்கொண்டு போனது. நாடா வைத்த விரிப்பு, ஆஸ்பத்திரியுடையது. உருளை நின்றது. மேலே ஒரு ஆரஞ்சு விளக்கு எரிந்தது. எந்திரத்துக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் கம்பெனி மொழியில் நிதானமாக என்னவோ சொன்னது, இரண்டு தடவை.

நின்றுபோன எந்திரத்தைப் பார்த்து யார் பயப்படுவார்கள். ஈரப் பக்கத்தில் நின்றது என்றால் நின்றதுதான். அக்கா வலது கையை விட்டு முறுக்கைப் பிடித்து இழுத்தாள். சிக்கின துணியை விடுவிக்க அந்த உருளை, நின்ற பிறகு தானாகவே அரைச் சுற்று பின்னால் சுற்றும். சுற்றியது.

அக்கா கத்தவில்லை. "ஏய்" என்றாள், யாரோ காலை மிதித்துவிட்ட மாதிரி. இளையவள் திரும்பிப் பார்த்தபோது அக்காவின் கை மணிக்கட்டு வரை வெள்ளைத் துணிக்குள் இருந்தது. நெட்டைதான் ஓடிவந்து பக்கத்திலிருந்த சிவப்புக் கயிற்றை இழுத்தான். அந்தக் கயிறு எதற்கு என்று அவனுக்கும் தெரியாது. சிவப்பாக இருந்தது, இழுத்தான். உருளை மேலே தூக்கிக்கொண்டது.

இரண்டு விரல் போயிற்று. உள்ளங்கை வெந்து, மிச்சமிருக்கிற மூன்றும் இனி மடங்காது என்றார் டாக்டர்.

அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரியிலிருந்து சலவைக்கூடத்துக்குத் திரும்பி வந்து, அலமாரியில் அடுக்கியிருந்த டேப்பில் ஒன்றை எடுத்தாள் இளையவள். ஒவ்வொரு பாடமாகத் தள்ளிக்கொண்டே போனாள். முப்பத்தொன்றில் ஆரஞ்சு விளக்கு இருந்தது. இந்தத் தடவை விரலை எடுத்துவிட்டுப் படத்தை ஓடவிட்டாள். ஒரு நிமிஷம்கூட இல்லை. துணி முறுக்குகிறது. உருளை நிற்கிறது. விளக்கு எரிகிறது. ஒரு பெண் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறாள். உருளை அரைச் சுற்று பின்னால் சுற்றுகிறது. விளக்கு அணைகிறது. அப்புறம் அவள் கையை நீட்டித் துணியை எடுக்கிறாள். இதற்கு எந்த மொழியும் தெரிய வேண்டியதில்லை. அக்காவின் மகள் ஐந்து வயதில் பார்த்திருந்தால்கூடப் புரிந்திருக்கும். இதை ஒரே மத்தியானத்தில் எட்டு டேப்பில் எட்டுத் தடவை தள்ளிவிட்டிருந்தாள். தன்னுடையதையும் சேர்த்தால் ஒன்பது.

மறுபடி ஓடவிட்டாள். மறுபடியும். வாசல் பூட்ட வந்த ஆள் "நேரமாச்சும்மா" என்று சொல்கிறவரை.

பன்னிரண்டு நாள் கழித்து மேலிடத்திலிருந்து விசாரணைக்கு ஒரு பெண் அதிகாரி வந்தாள். விஷயம் என்ன என்பது அதற்குள் சலவைக்கூடம் முழுக்கத் தெரிந்திருந்தது. வேலை கற்றுக்கொடுக்காமல் எந்திரத்தில் நிறுத்தினார்கள் என்று பதிவானால், அக்காவின் வைத்தியமும் அவளுக்கு உட்கார்ந்து செய்கிற ஒரு வேலையும் கம்பெனியின் பொறுப்பு. கற்றுக்கொண்ட பிறகும் கவனமில்லாமல் கை வைத்தாள் என்று பதிவானால், கட்டுப் பிரிக்கிற அன்றைக்கே கணக்கு முடித்து அனுப்பிவிடுவார்கள். டேப்பில் அக்காவின் பேருக்கு நேரே நாற்பது இலையும் பச்சை.

விசாரணைக்கு முதல்நாள் சாப்பாட்டு நேரத்தில் எட்டுப் பேரில் அக்கா போக மீதி ஏழு பேரும் இளையவளைச் சுற்றி உட்கார்ந்தார்கள். யாரும் சாப்பிடவில்லை.

"டீச்சரம்மா, உங்க அக்கா எங்களுக்கும் அக்காதான்," என்றான் நெட்டை. "அது வேற. ஆனா நீங்க ஒண்ணைச் சொன்னீங்கன்னா அடுத்த கேள்வி மத்த இலையெல்லாம் யார் பச்சையாக்கினாங்கன்னுதான் வரும்."

"ஏமாத்துனதுக்கு அன்னிக்கே வெளிய போகச் சொல்லிருவாங்க," என்றாள் மடிப்பு வேலை செய்கிற ஒருத்தி. "எனக்கு ரெண்டு கைக்குழந்தை இருக்கு. ஏன் சொல்றேன்னா, இருக்கு, அதான்."

"நான் என்ன சொல்லப்போறேன்னு நானே இன்னும் யோசிக்கல," என்றாள் இளையவள்.

"யோசிங்க. எங்களையும் சேத்து யோசிங்க."

பொய். யோசித்து முடித்திருந்தாள். சொல்லிவிடுவது என்றுதான் முடிவு. மறுநாள் காலை அக்காவுக்கு ரவிக்கை மாட்டிவிடும்போது, கட்டுப் போட்ட கையை மெதுவாக ரவிக்கையின் கைக்குள் நுழைத்துக்கொண்டே சொன்னாள்: "அங்க நீ ஒண்ணும் பேசாத. நான் பாத்துக்கறேன்க்கா."

அக்கா அவள் முகத்தைப் பார்த்தாள். "சரி," என்றாள்.

மேஸ்திரியின் அறையில்தான் விசாரணை. நாலு நாற்காலி போட்டால் கதவு திறக்காது. அதிகாரிக்கு முப்பது வயதுகூட இருக்காது. முன்னால் ஒரு கோப்பு, ஒரு டேப். அவளுக்கு நம் பேச்சு தெரியாது. வாசலில் வண்டி வரவு எழுதுகிற குமாஸ்தாவுக்கு இரண்டும் தெரியும், அவனைக் கூப்பிட்டு நடுவில் நிறுத்தியிருந்தார்கள். மேஸ்திரி சுவரில் மாட்டியிருந்த நாள்காட்டியைப் படித்துக்கொண்டு நின்றார்.

அதிகாரி ஏதோ சொல்லிவிட்டு டேப்பைத் தொட்டாள். ஒரு குரல் வந்தது. சன்னமான, தெளிவான குரல். ஒரு வாக்கியம். தொண்ணூற்றாறு என்று டேப் காட்டியது.

அது இளையவளின் குரல். அந்தப் புத்தகம் பேச்சைக் கேட்டு மார்க் போடுகிறது என்றுதான் நினைத்திருந்தாள். கேட்டதையெல்லாம் எடுத்து வைத்துக்கொள்கிறது என்று அவளுக்குத் தெரியாது. யாருக்குமே தெரியாது.

"இது முப்பத்தொண்ணாம் பாடத்துல இவங்க பேசினதுன்னு சொல்றாங்க," என்றான் குமாஸ்தா.

"என்ன பேசினதாம்?" என்றாள் இளையவள். வாய் தானாகக் கேட்டுவிட்டது.

குமாஸ்தா ஒருமுறை உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துவிட்டுச் சொன்னான். "'உருளை நின்னாலும் விளக்கு அணையுற வரைக்கும் நான் கை வைக்க மாட்டேன்.' அதான் அர்த்தம்."

அந்த வாக்கியத்தை இளையவள் ஒன்பது தடவை சொல்லியிருந்தாள். என்ன சொன்னோம் என்பது இப்போதுதான் காதில் விழுந்தது. நன்றாகத்தான் சொல்லியிருந்தாள். ஒரு எழுத்துப் பிசகவில்லை.

அதிகாரி அக்காவைப் பார்த்துக் கேட்டாள். குமாஸ்தா, "இது உங்க குரலான்னு கேக்குறாங்க," என்றான்.

அக்கா டேப்பைப் பார்த்தாள்.

இப்போதுதான். இளையவள் மூச்சை இழுத்தாள். வார்த்தை நாக்குக்கு வந்துவிட்டது. இரண்டே வார்த்தை. ஆனால் இரண்டு கைக்குழந்தை வந்து எதிரே நின்றது. அதற்குப் பின்னால் நெட்டை நின்றான். அதற்கும் பின்னால், இதை அவள் பிற்பாடு ஒருநாள் தனக்குத் தானே ஒத்துக்கொண்டாள், வண்டி நின்றது. அறுபது ஈர விரிப்பு ஏற்றின வண்டி. அந்த வண்டியாவது இருக்குமா, அதுவும் போய்விடுமா என்கிற பயம். மூச்சு வந்த வழியே திரும்பிப் போனது. அவள் தரையைப் பார்த்தாள்.

அதிகாரி மறுபடி கேட்டாள். குமாஸ்தா மறுபடி சொன்னான். "உங்க குரலாம்மா இது?"

மேஸ்திரி நாள்காட்டியில் ஒரு தாளைத் தூக்கி அடுத்த மாதத்தைப் பார்த்தார். அக்கா மெதுவாகத் தலையைத் திருப்பி இளையவளைப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. பஸ் வருகிறதா என்று சாலையைப் பார்க்கிற மாதிரி, கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு முன்னால் திரும்பினாள்.

"ஆமா. என்னுதுதான்."

தகரத்தில் ஆணி இழுத்த சத்தம். இந்தக் குரலையும் அந்தக் குரலையும் அடுத்தடுத்துக் கேட்டால் காது கேளாதவனுக்கும் தெரிந்துவிடும். அதிகாரி முட்டாள் இல்லை. அவள் பேனாவைக் கீழே வைத்தாள். டேப்பைத் தூக்கி அக்காவின் பக்கம் நீட்டினாள்.

"ஒரு தடவை இதைச் சொல்லிக் காட்ட முடியுமான்னு கேக்குறாங்க."

"தொண்டை சரியில்லைன்னு சொல்லு," என்றாள் அக்கா. "ஆஸ்பத்திரியில மருந்து குடுத்துக் குடுத்துக் கட்டிப்போச்சு."

அதிகாரி இளையவளைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்த மாதிரி இருந்தது. இளையவள் இன்னும் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். சிமெண்டுத் தரை, மூலையில் ஒரு கீறல். அதிகாரி டேப்பைத் திருப்பி வைத்துவிட்டு எழுதினாள். கோப்பை அக்காவின் பக்கம் தள்ளினாள். அக்கா இடது கையால் பேரெழுதினாள். ஒண்ணாம் வகுப்புப் பிள்ளை எழுதினது மாதிரி எழுத்து வரிக்கு வெளியே போய் விழுந்தது.

"பத்து நாளைக்குள்ள யாருக்காவது மாத்திச் சொல்ல ஏதாவது இருந்தா மேல ஆபீசுக்கு வரலாம்னு சொல்றாங்க," என்றான் குமாஸ்தா. அவன் அதை அக்காவைப் பார்த்துச் சொல்லவில்லை. அதிகாரியும் அப்படித்தான்.

இரண்டு பேரும் வெளியே வந்து பெரிய சாலை வரை நடந்தார்கள். லாரிகள் போய்க்கொண்டிருந்தன. சாலையைக் கடக்க நின்றபோது இளையவள் கேட்டாள். "ஏன்க்கா அப்படிச் சொன்ன?"

"வேற யார் சொல்லுவா?"

"நான் சொல்லத்தான் வாயெடுத்தேன்."

"தெரியும். மூச்சு இழுத்த சத்தம் கேட்டுச்சு. சரி, திறக்கப்போறான்னு நானும் பாத்தேன். ரெண்டு தடவை கேக்க வச்சேன், உனக்காகத்தான். நீ தரையப் பாத்த."

"மத்தவங்க வேலையெல்லாம்..."

"மத்தவங்களைச் சொல்லாத. எனக்கும் கணக்குத் தெரியும். நீ சொல்லியிருந்தா நீயும் வெளிய, நானும் வெளிய, அந்த ஏழு பேரும் நம்ம வீட்டு வாசல்ல. இப்ப நான் மட்டும் வெளிய. உன் சம்பளம் வருது, பிள்ளை பள்ளிக்கூடம் போகுது. நான் யோசிச்சுத்தான் சொன்னேன். தியாகி ஆகறதுக்காகச் சொல்லல."

லாரி ஒன்று போய்த் தூசி அடங்கியது.

"ஆனா நீ சொல்லியிருக்கலாம்," என்றாள் அக்கா. "சொல்லியிருந்தா, நான் உன்னைத் திட்டியிருப்பேன். வீட்டுக்குப் போற வரைக்கும் திட்டியிருப்பேன். இருந்தாலும் சொல்லியிருக்கலாம்."

சாலை காலியானது. கடந்தார்கள்.

அதற்கப்புறம் சலவைக்கூடத்தில் இளையவளுக்கு இருந்த மரியாதை கொஞ்சநஞ்சமில்லை. நெட்டை டீ வாங்கிக்கொண்டு வந்து தருகிறான். மடிப்புக்காரி வீட்டிலிருந்து ஒரு டப்பா கூடுதலாகக் கட்டிக்கொண்டு வருகிறாள், "அக்காவுக்குக் குடுங்க" என்று. மேஸ்திரி அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடத் தொடங்கிவிட்டார். அவள் நிற்பது அக்கா நின்ற அதே உருளை. துணி முறுக்கினால், விளக்கு எரிந்தால், இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறாள். தோள் வலிப்பதில்லை. வலித்தால் தேவலாம் போலிருந்தது.

ஏழு பேரையும் ஒவ்வொருவராக டேப்புக்கு முன்னால் உட்கார வைத்து முப்பத்தொன்றாம் பாடத்தின் படத்தை முழுசாக ஓட்டிக் காட்டினாள். விரலை வைக்கவிடவில்லை. "பாரு, முழுசாப் பாரு," என்றாள். நெட்டை பார்த்து முடித்துவிட்டு எழுந்து போனான். மறுநாள் அவன் அவள் கண்ணில் படாமல் டீயை வைத்துவிட்டுப் போனான்.

அக்காவுக்குக் கட்டுப் பிரித்தாயிற்று. கணக்கு முடித்த தாளும் வந்தாயிற்று. மகள்தான் இப்போது அம்மாவுக்குச் சோற்றைப் பிசைந்து தருகிறது. இடது கையால் சாப்பிடப் பழக மாட்டேன் என்று அக்காவுக்குப் பிடிவாதம். ஸ்பூன் கொடுத்தால், "நான் என்ன மருந்தா குடிக்கிறேன்," என்று தள்ளிவிடுகிறாள். மற்றபடி பேசுகிறாள், சிரிக்கிறாள், பால்காரனோடு சண்டை போடுகிறாள். அந்த அறையைப் பற்றி மட்டும் பேச்சு எடுப்பதில்லை.

பத்து நாளில் ஏழு நாள் போய்விட்டது. நேற்று வேலை முடிந்ததும் இளையவள் மேல ஆபீஸ் இருக்கிற கட்டிடம் வரை நடந்து போனாள். இரண்டு பஸ் தூரம். வாசலில் கண்ணாடிக் கதவு தானாகத் திறந்தது. உள்ளே போகவில்லை. அவள் நின்றதால் கதவு மூடவும் முடியாமல் திறக்கவும் முடியாமல் அங்குமிங்கும் போய்க்கொண்டிருந்தது. காவல்காரன் "என்னம்மா வேணும்?" என்று கேட்டான். "ஒண்ணுமில்ல, அட்ரஸ் மாறி வந்துட்டேன்," என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள்.

வீட்டுக்கு வந்தபோது அக்கா இடது கையால் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். "எங்க போன இவ்வளவு நேரம்?" என்றாள். "சும்மாதான்," என்றாள் இளையவள். அக்கா நிமிர்ந்து பார்த்துவிட்டு, மறுபடி வெங்காயத்துக்குக் குனிந்தாள்.

இன்னும் மூன்று நாள் இருக்கிறது. அது என் குரல், என் அக்காவுக்கு யாரும் எதையும் சொல்லித்தரவில்லை என்று அந்த அதிகாரிக்கு முன்னால் சொல்லவேண்டியது இளையவள் தன் அக்காவுக்குப் பட்ட கடன். அதை அவள் இன்னும் தரவில்லை.